மடித்துக் கூட்டும் கணக்கு

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன், 1 முதல் 50 வரையுள்ள எண்களைக் கூட்டச் சொன்னால் நொடியில் 1275 என்கிறான். 37 முதல் 64 வரை கூட்டச் சொன்னாலோ ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்கிவிடுகிறான். எங்கே தொடங்கினாலும் பயன்படும் சுருக்குவழி ஏதேனும் உண்டா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உண்டு. தங்கள் மகன் மனப்பாடம் செய்திருப்பது 1இல் தொடங்கும் வரிசைக்கு மட்டுமே உரிய வாய்பாடு. அது எப்படி வந்தது என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை போலிருக்கிறது. நீளமான தாள் ஒன்றில் 37 முதல் 64 வரை ஒரே வரிசையாகச் சம இடைவெளி விட்டு எழுதச் செய்து, அதை நடுவில் மடிக்கச் சொல்லுங்கள். 37இன் மேல் 64 வந்து படியும். 38இன் மேல் 63 படியும். மடிப்பின் இருபுறமும் 50, 51 நிற்கும். எந்த இணையைக் கூட்டினாலும் 101தான். மொத்தம் 28 எண்கள், ஆகவே 14 இணைகள், கூட்டுத்தொகை 1414.

பிள்ளைகள் (பெரியவர்களுந்தான்) தவறுவது கூட்டலில் அன்று, எண்ணிக்கையில். 64இலிருந்து 37ஐக் கழித்தால் 27 வருகிறதே, 28 எப்படி என்று அவன் கேட்கக்கூடும். வாழைத்தோட்டத்தில் ஒரு வரிசையில் 37ஆம் வாழையிலிருந்து 64ஆம் வாழை வரை தார் வெட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; வெறுமனே கழித்து 27 தாருக்குப் பணம் வாங்கி வருகிறவர், 37ஆம் வாழையின் தாரை வியாபாரிக்கு இனாமாகக் கொடுத்தவர் ஆவார். கழித்த பின் 1ஐச் சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் வேலை இன்னும் எளிது. 41 முதல் 47 வரை ஏழு எண்கள். மடிப்பு 44இன் மேலேயே விழுவதால், 44ஐ ஏழால் பெருக்க 308 கிடைத்துவிடும். மனப்பாடமான வாய்பாட்டை விட மனமில்லை என்றால், 64 வரையிலான கூட்டுத்தொகை 2080இலிருந்து 36 வரையிலான 666ஐக் கழித்தும் 1414 பெறலாம். ஆனால் 37 வரை கழித்துவிடும் ஆபத்து அதில் உண்டு என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பிற்காலத்தில் ஜெர்மன் கணித மேதையான காஸ், சிறுவனாக இருந்தபோது பள்ளியில் 1 முதல் 100 வரை கூட்டச் சொன்னதும் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தென்காசி

பதில்: 1777இல் பிறந்த காஸ், பள்ளியில் இதைத் தாமாகவே கண்டுகொண்டிருக்கலாம், முதலில் கண்டவர் அவர் அல்லர். கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய ஆர்யபடீயம் என்ற நூலின் கணிதப் பகுதியான கணிதபாதத்திலேயே, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, எண்ணிக்கையின் பாதியால் பெருக்குமாறு விதி இருக்கிறது. காஸ் மறைந்த மறு ஆண்டு, 1856இல், வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் பள்ளி நிகழ்ச்சி உண்டு; ஆனால் அதில் '1 முதல் 100 வரை' என்ற குறிப்பு இல்லை. அது பின்வந்தவர்கள் சேர்த்தது.

கேள்வி: மார்கழியில் 15 புள்ளி வைத்து, ஊடுபுள்ளி 8 வரை நிறுத்திக் கோலம் போடுகிறோம். மொத்தப் புள்ளிகளை எண்ணாமலே சொல்ல முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வாசலில் குனிந்து தாங்கள் வைப்பதும் அடுத்தடுத்த எண்களின் வரிசைதான். நடுவரிசையில் 15, அதற்கு மேலே 14, 13 என்று குறைந்து 8 வரை ஏழு வரிசைகள், கீழேயும் அவ்வாறே. ஏழு வரிசைகளின் நடுவரிசை 11 புள்ளி உடையது என்பதால் ஒரு பக்கத்துக்கு 77, இருபக்கமும் சேர்ந்து 154, நடுவில் உள்ள 15ஐயும் சேர்த்தால் 169. வரிசைக்கு 13 புள்ளியாக 13 வரிசை வைக்கும் நேர்புள்ளிக் கோலத்துக்கும் சரியாக 169 புள்ளிகளே வேண்டும். இதைக் கொண்டு எல்லா ஊடுபுள்ளிக் கோலமும் இப்படி ஒரு சதுரமாக அமையும் என்று எண்ணிவிட வேண்டாம். 7 புள்ளி வைத்து 4 வரை நிறுத்திப் பாருங்கள், 37தான் வரும்.