சீமாட்டி எலிசபெத்துக்குச் சொத்து கிடைத்ததா, பறிபோனதா?

கேள்வி: சூரிச் ஏரிக்கரையில் வசிக்கிறோம். ராப்பர்ஸ்வில் சீமாட்டி எலிசபெத்தைப் பற்றி என் மகள் பள்ளிக்குக் கட்டுரை எழுத வேண்டும். சகோதரர் இறந்ததும் எல்லாச் சொத்தும் அவருக்கு வந்தது என்கிறது ஒரு தளம். பெண் என்பதால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள் என்கிறது இன்னொன்று. எதை எழுதுவது? இரண்டாவது தளத்தில், நாம் அந்தப் பிரபுக்களின் வம்சம் என்று காட்டும் குலச்சின்னச் சான்றிதழும் விற்கிறார்கள். வாங்கிக் கட்டுரையில் ஒட்டலாமா?

பதில்: முதலில் சான்றிதழ். தயவுசெய்து வாங்காதீர்கள். ராப்பர்ஸ்வில் பிரபுக்களின் ஆண்வழி 1283-லேயே முடிந்துவிட்டது. பழைய ஏட்டில் ‘ராப்பர்ஸ்வில்’ என்று ஒருவர் பெயரோடு வந்தால், அவர் அந்த ஊர்க்காரர் என்பதாக மட்டுமே இருக்கலாம். அதை வைத்து அந்தப் பிரபுக்களின் ரோஜாச் சின்னத்தை அச்சடித்து விற்பவர்களிடம் எத்தனையோ குடும்பங்கள் பணத்தைக் கொட்டியிருக்கின்றன. அதைத் தடுக்க யாரும் முனைவதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, சொத்துக்கு வருவோம். 1283-ல் சகோதரர் ருடால்ஃப் பிள்ளையில்லாமல் இறந்தபோது குடும்பத்திடம் இரண்டு வகைச் சொத்து இருந்தது. பரம்பரைச் சொத்து சகோதரிக்கு வரும். ராப்பர்ஸ்வில் அப்படித்தான் எலிசபெத்திடம் நின்றது. மற்றது மானியம். அரசரோ மடாதிபதியோ ஊழியத்துக்காகக் கொடுப்பது, ஆண் வாரிசு அற்றால் கொடுத்தவரிடமே திரும்பும். ஆல்ப்ஸ் மலையில், கோட்டார்ட் கணவாய்ப் பாதையில் உள்ள உர்செரன் பள்ளத்தாக்கின் அதிகாரம் இந்த வகை. ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஜெர்மானிய மன்னர் முதலாம் ருடால்ஃப் அதைத் திரும்ப எடுத்துத் தன் பிள்ளைகளுக்கே கொடுத்தார். தீர்ப்புச் சொன்னதும் அவர், ஆதாயம் அடைந்ததும் அவர் வீடு.

‘பெண்ணுக்கு மானியமே கிடையாது’ என்று மட்டும் உங்கள் மகள் எழுதிவிட வேண்டாம். கொடுப்பவர் சம்மதித்தால் பெண்ணுக்கும் போகும். 1156-ல் பேரரசர் பார்பரோசா ஆஸ்திரியாவைக் கோமகன் ஹைன்ரிஷுக்கும் மனைவி தியோடோராவுக்கும் சேர்த்தே கொடுத்தார். மகனோ மகளோ வாரிசாகலாம் என்று பட்டயத்திலேயே எழுதினார்கள். அப்படி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். எழுத்து இல்லாவிட்டால் மேலே இருப்பவரின் மனசுதான் சட்டம். மேலே ஹாப்ஸ்பர்க் இருந்தது எலிசபெத்தின் துரதிர்ஷ்டம்.

இதில் மனசை அறுப்பது இன்னொன்று. அவருடைய கணவர் ஹோம்பெர்க் லுட்விக் 1289-ல் பெர்ன் நகரத்துக்கு எதிராக ஷோஸ்ஹால்டேயில் போரிட்டுச் செத்தார், அதே ஹாப்ஸ்பர்க் தரப்புக்காக. அடுத்த ஆண்டே எலிசபெத் ஊரியில் இருந்த நிலங்களை வெட்டிங்கன் மடத்துக்கு விற்றார். பிறகு ஹாப்ஸ்பர்க்கின் கிளைக் குடும்பமான ஹாப்ஸ்பர்க்-லாஃபன்பர்க்கைச் சேர்ந்த இன்னொரு ருடால்ஃபை மணந்தார். 1309-ல் எலிசபெத் இறந்தபின் ராப்பர்ஸ்வில் இரண்டாம் திருமணத்து மகன் யோஹானுக்குப் போனது. முதல் திருமணத்து மகன் வெர்னர், இடைக்கால ஜெர்மன் பாடல் தொகுப்பான மானெஸ்ஸே கையெழுத்துப் பிரதியில் பாடல்கள் உள்ள அதே ஹோம்பெர்க் கவிஞர்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு கோட்டையை ஆண்ட பெண்ணை, பல அட்டவணைகளில் இன்னமும் கணவர் பெயருக்குக் கீழேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதனால் ஹோம்பெர்க், ஹாப்ஸ்பர்க்-லாஃபன்பர்க் இரண்டிலும் தேடுங்கள். ருடால்ஃப்களின் வரிசை எண் நூலுக்கு நூல் மாறும். எண்ணை விட்டுவிட்டு இறந்த ஆண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவிஸ் வரலாற்று அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, ஜெர்மனிலும் படிக்கலாம். அங்கிருந்து தொடங்கட்டும்.