அம்மாவோடு சீஹூ ஏரிக்கு: வாசகர் கேள்விகள்

கணவரின் துணி வியாபாரத்துக்காகச் சீனாவில், ஷாவ்சிங் நகரத்துக் கேச்சியாவில் ஒன்பது வருடம் இருந்தோம். அங்கிருந்து சீஹூ ஏரி இருக்கும் ஹாங்சோ நகரம் பக்கம்தான். ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலும் சீஹூ ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். சென்ற இதழில் அந்த ஏரியைப் பற்றி எழுதியதும் நிறையக் கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஷாங்காயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். ஒரே நாளில் சீஹூ பார்த்துத் திரும்ப முடியுமா? அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு.

தாராளமாக முடியும். 'சீஹூவின் பத்துக் காட்சிகள்' என்று ஒரு பட்டியலை எல்லோரும் கையில் கொடுப்பார்கள். அதை முதலில் பையில் வைத்துவிடுங்கள். அந்தப் பத்தில் ஒன்று பாலத்தின் மேல் பனி, ஒன்று கோடைத் தாமரை, ஒன்று இலையுதிர்கால நிலா. ஒரே நாளில் யாராலும் பார்க்க முடியாது.

ஷாங்காய் ஹோங்சியாவ் நிலையத்தில் காலையிலேயே அதிவேக ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹாங்சோ கிழக்கு நிலையம். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் எடுக்க வேண்டும், அதனால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். அங்கிருந்து மெட்ரோ 1-ஆம் தடத்தில் லோங்சியாங்சியாவ் நிறுத்தம். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீர் தெரியும். அம்மாவை உடனே எங்கும் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். கரை நெடுக மர நிழலில் பெஞ்சுகள் உண்டு. அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் நகரம், நடுவில் தண்ணீர். அந்த அமைப்பு மனசில் பதிய அவ்வளவு நேரம் வேண்டும்.

அப்புறம் படகு. துடுப்புப் படகு அழகுதான், ஆனால் நடுவில் இருக்கும் சியாவ்யிங்சோ தீவில் இறங்க வேண்டுமென்றால் பெரிய படகில் போங்கள். அந்தத் தீவை ஒட்டித் தண்ணீரில் மூன்று சின்னக் கல் கோபுரங்கள் நிற்கும். ஒரு யுவான் நோட்டு இருந்தால் பின்பக்கம் திருப்பி அம்மாவிடம் கொடுங்கள். அதே கோபுரங்கள். என் மாமியார் நோட்டையும் ஏரியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றிலும் ஐந்து வட்டத் துளைகள். பௌர்ணமி இரவில் உள்ளே விளக்கேற்றினால் தண்ணீரில் பல நிலாக்கள் தெரியும் என்பதற்காகச் செய்தது. திரும்பும் படகு எந்தத் துறைக்குப் போகிறது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல், ஏரியின் குறுக்கே போகும் சூ கரை. 2.8 கிலோமீட்டர், ஆறு பாலங்கள். பாலம் ஒவ்வொன்றும் முதுகு வளைந்து ஏறி இறங்கும், முழங்காலுக்கு ஆகாது. தெற்கு முனையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். வசந்தத்தில் ஒரு வில்லோ, ஒரு பீச் மரம் என்று மாறிமாறிப் பச்சையும் இளஞ்சிவப்புமாக நிற்கும். களைத்துப்போனால் ஏரியைச் சுற்றி ஓடும் மின்சார வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று. ஏப்ரல் முதல் வாரத்தில் சிங்மிங் விடுமுறை வரும். அந்த நாட்களையும் மே 1, அக்டோபர் 1 விடுமுறைகளையும் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் ஒரு அக்டோபர் 3-ஆம் தேதி போய், 'உடைந்த பாலம்' என்று பெயர் பெற்ற பாலத்தைக் கடக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. மகள் பயந்து அழுதுவிட்டாள். அந்த மாதிரி நாட்களில் ஏரிக்கரை மெட்ரோ நிறுத்தங்களில் ரயில் நிற்காமலும் போகும்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

கிடையாது. 2002-இல் வேலிகளை எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். படகு, லெய்ஃபெங் கோபுரம் போன்றவற்றுக்குத் தனி டிக்கெட். பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் நம் வங்கி அட்டையைக் கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள்.

இது இயற்கை ஏரியா, வெட்டிய ஏரியா? (ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்)

ஐயா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு காலத்தில் இது கடலோரக் காயல். வண்டல் படிந்து வாய் மூடி ஏரியானது. அப்படியே விட்டிருந்தால் சதுப்பாகித் தூர்ந்தே போயிருக்கும். 9-ஆம் நூற்றாண்டில் கவிஞர் பாய் ஜுயி இங்கே ஆளுநராக வந்து வயல் பாசனத்துக்காகக் கரையை உயர்த்தினார். (இன்று பாய் கரை என்று சொல்லப்படுவது அவர் கட்டியதல்ல, அது வேறு.) 1089-இல் சூ துங்போ ஆளுநராக வந்தபோது ஏறக்குறைய பாதி ஏரி களையால் மூடிக் கிடந்தது. அவரும் கவிஞர்தான். ஆட்களைத் திரட்டித் தூர் வாரினார். வாரிய சேற்றையும் களையையும் எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே வடக்கு தெற்காகக் கொட்டிக் கரையாக்கினார். நான் மேலே சொன்ன சூ கரை அதுதான்.

அதோடு விடவில்லை. கரையோரத்தை நீர்க்கொட்டை பயிரிடக் குத்தகைக்கு விட்டார். பயிர் வைப்பவர் களையைத் தானே எடுத்தாக வேண்டும், குத்தகைப் பணம் அடுத்த தூர்வாரலுக்கு உதவும். பயிர் உள்ளே பரவிவிடாமல் எல்லை காட்ட நட்டவைதான் முதல் கல் கோபுரங்கள். இப்போது நிற்பவை பிற்காலத்தில் திரும்பக் கட்டியவை. ஒவ்வொரு முறை அந்தக் கரையில் நடக்கும்போதும் காலுக்குக் கீழே இருப்பது தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய சேறு என்று நினைத்துக்கொள்வேன். 2011-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் மனிதர்கள் உருவாக்கிக் காத்த இந்த நிலக்காட்சியைத்தான்.

லெய்ஃபெங் கோபுரத்துக்கு அடியில் பாம்பு இருக்கிறதாமே?

வெள்ளைப் பாம்புக் கதை. பெண்ணாக மாறிய பாம்பு உடைந்த பாலத்தில் ஒரு இளைஞனைச் சந்தித்து மணக்கிறாள், ஒரு துறவி அவளைக் கோபுரத்தடியில் சிறை வைக்கிறார். பழைய கோபுரத்தின் செங்கல் நோய் தீர்க்கும் என்று நம்பி ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போக, 1924-இல் அது இடிந்தே விழுந்தது. இப்போது இருப்பது 2002-இல் கட்டியது. லிஃப்ட் உண்டு, அம்மாவை அழைத்துப் போகலாம். அடியில் பழைய செங்கல் குவியலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பாலம் உடைந்ததல்ல. வெயில் படும் பக்கம் பனி உருகிவிட, மறுபக்கம் வெள்ளையாக நிற்பதால் தூரத்திலிருந்து அப்படித் தெரியுமாம்.

சைவம் கிடைக்குமா?

'வோ ச்சி சூ' என்று சொல்லுங்கள், 'நான் சைவம்' என்று அர்த்தம். ஆனால் குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், திரும்பக் கேளுங்கள். பட்டியலில் துங்போ என்று பார்த்தால் அது பன்றி இறைச்சி. தாமரைக் கிழங்கு மாவில் சூடாகக் கிளறித் தரும் இனிப்புக் கூழ் ஏரிக்கரையின் சிறப்பு. பல் இல்லாதவர்கள்கூடச் சாப்பிடலாம்.

இந்தியத் துறவி கட்டிய கோயில் அங்கே இருக்கிறது என்றீர்களே?

லிங்யின் கோயில். ஏரிக்கு மேற்கே மலையடிவாரத்தில். 4-ஆம் நூற்றாண்டில் ஹுய்லி என்று சீனர்கள் அழைக்கும் இந்தியத் துறவி தொடங்கியது. எதிரே இருக்கும் குன்றைப் பார்த்து, இது நம் நாட்டு மலையாயிற்றே, எப்போது இங்கே பறந்து வந்தது என்று கேட்டாராம். இன்றும் அதன் பெயர் 'பறந்து வந்த மலை'. பாறை முழுக்கப் புத்தர் சிற்பங்கள். ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு குன்றைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும் என்று அங்கே நின்று யோசித்திருக்கிறேன். ஒரு நாள் பயணத்தில் இதைத் திணிக்க வேண்டாம். இரவு ஹாங்சோவில் தங்கினால் மறுநாள் காலை கூட்டம் சேரும் முன் போய் வாருங்கள். படிகள் உண்டு, அம்மாவுக்கு ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.