ஸ்டாங்கர் பக்கம் டர்பனோடு சேருமா? வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகனும் மருமகளும் பாலிட்டோவுக்கும் ஸ்டாங்கருக்கும் இடையில் வீடு வாங்க நினைக்கிறார்கள். இருவருக்கும் டர்பன் பக்கத்து உம்லாங்காவில் வேலை. இந்த ஊர்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சீக்கிரமே டர்பன் மெட்ரோவோடு (பெருநகர நகராட்சியோடு) சேர்த்துவிடுவார்கள், விலை இரண்டு மடங்காகும், அதுவரை ரேட்ஸும் (நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) குறைவு என்று வீட்டுத் தரகர் சொல்கிறார். நம்பலாமா? அல்லது மெட்ரோவுக்குள்ளேயே வாங்குவது நல்லதா?"

அம்மா, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் வீடு வாங்கலாம். ஆனால் 'சேரப்போகிறது' என்ற பேச்சுக்காக ஒரு ராண்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஊர்கள் ஒட்டி வளர்வது வேறு, ஒரே நிர்வாகத்தின்கீழ் வருவது வேறு. 2010 மே மாதம் லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்த பிறகு, கரும்பு விளைந்த நிலங்கள் எப்படிக் கிடங்குகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின என்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வளர்ச்சி உண்மை. நிர்வாக இணைப்பு என்பது சட்டத்தால் மட்டுமே நடக்கும்.

எந்த இடம் மெட்ரோ என்பதற்கு 1998-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புச் சட்டம் சில தகுதிகளை வைத்திருக்கிறது: மக்கள் நெருக்கம், பல வணிக மையங்கள், ஆட்களும் சரக்குகளும் ஓயாமல் போய்வருதல், பிரித்துத் திட்டமிட முடியாத அளவுக்குப் பின்னிப் பிணைந்த பொருளாதாரம். எல்லையைத் தீர்மானிப்பது எல்லை நிர்ணய வாரியமே தவிர, தரகரோ கட்டுமான நிறுவனமோ அல்ல. வாரியம் அறிவிப்பு வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டு, முடிவெடுத்தாலும், வாக்காளர் பிரதிநிதித்துவத்தைப் பாதிக்கும் மாற்றம் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். 2000 டிசம்பரில் நாட்டில் 6 மெட்ரோக்கள் இருந்தன. 2011-இல் பஃபலோ சிட்டியும் மங்காவுங்கும் சேர்ந்து 8 ஆயின. அதன்பின் ஒன்றுகூடக் கூடவில்லை. நம் குவாசூலு-நாட்டால் மாநிலத்திலேயே ரிச்சர்ட்ஸ் பேயும் எம்பங்கேனியும் 2000 முதல் உம்லத்தூஸே என்ற ஒரே நகராட்சியாக இருந்தும், இன்னும் மெட்ரோவாகாமல், பல உள்ளூர் நகராட்சிகளுக்கு மேலே உள்ள மாவட்ட நகராட்சி ஒன்றுக்கு உட்பட்டே இருக்கின்றன. 'சீக்கிரமே' என்று தரகர் சொல்லும்போது எந்த அறிவிப்பை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். அறிவிப்பின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

சேர்த்தால் விலை ஏறும் என்பதும் தானாக நடப்பதல்ல. ஜோகன்னஸ்பர்க்குக் கிழக்கே ஜெர்மிஸ்டன், பெனோனி, பாக்ஸ்பர்க், பிராக்பான், ஸ்பிரிங்ஸ், கெம்ப்டன் பார்க், ஈடன்வேல், ஆல்பர்ட்டன், நைஜெல் ஆகிய 9 ஊர்களைச் சேர்த்துத்தான் ஏகுருலேனி மெட்ரோவை உருவாக்கினார்கள். பெனோனியின் ஆக்டன்வில்லில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஏகுருலேனிக்கு நடுவூர் எது என்று அவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒவ்வோர் ஊருக்கும் தன் கடைத்தெரு, தன் பழைய நகரமைப்பு விதிகள். அந்த விதிகள் எல்லாம் ஒரே திட்டமாவதற்கே 2014-ஆம் ஆண்டு ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியதால் ஸ்பிரிங்ஸில் வீட்டு விலை ஜோகன்னஸ்பர்க் விலையாகிவிடவில்லை. தெரு, பள்ளி, பாதுகாப்பு, வேலைக்குப் போய்வரும் தூரம் ஆகியவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன.

ஆனாலும் மெட்ரோவுக்கும், ஒட்டி வளரும் சிறு நகரங்களுக்கும் இடையே பணத்தில் பெரிய வேறுபாடு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. நாம் பெட்ரோலுக்குக் கொடுக்கும் பொது எரிபொருள் வரியில் ஒரு பங்கு 2009 முதல் மெட்ரோக்களுக்கு மட்டுமே பிரித்துத் தரப்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் இதெக்வினியில் (டர்பன் மெட்ரோவின் பெயர்) 34 லட்சத்துக்கும் அதிகமான மக்கள், ஸ்டாங்கரும் பாலிட்டோவும் அடங்கிய குவாடுகுசாவில் 2 லட்சத்து 31 ஆயிரம் பேர். இந்த 2 லட்சம் பேரில் எத்தனையோ குடும்பங்கள் தினமும் என்2 நெடுஞ்சாலையில் டர்பன் பக்கம் வேலைக்குப் போய் வருகின்றன. அதே பெட்ரோலை எரிக்கின்றன. டோங்காட் சுங்கச்சாவடியில் கட்டணமும் கட்டுகின்றன. ஆனால் அவர்கள் ஊர்ச் சாலைக்கு அந்தப் பங்கிலிருந்து ஒன்றும் வராது. பெரிய நகரம் என்றால் ஒரு பெட்டி, சிறிய ஊர் என்றால் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே வளரும் ஊர்களுக்கு இடமே இல்லாத சட்டத்தை 20 ஆண்டுகளுக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறோம். இதை மாற்ற வேண்டியவர்கள் ஆய்வறிக்கை எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

இப்போது தண்ணீர். பிள்ளைகள் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டியது இதுதான். டோங்காட்டில் தங்கள் வீட்டு ரேட்ஸ், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் பொறுப்பு இதெக்வினி ஒன்றுதான். குறை இருந்தால் ஒரே இடத்தில் சண்டை போடலாம். எல்லையைத் தாண்டினால் ரேட்ஸ் குவாடுகுசா நகராட்சிக்கு, தண்ணீர் இலெம்பே மாவட்ட நகராட்சியின் பொறுப்பு. குழாய் உடைந்தால் ஓர் அலுவலகம், அந்தக் குழாய்க்காகத் தோண்டிய சாலையை மூட இன்னோர் அலுவலகம். மாவட்ட மன்றத்தில் 100-க்கு 40 பேரைத்தான் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற 60 பேர் உள்ளூர் மன்றங்கள் அனுப்புபவர்கள். ஆகவே தண்ணீருக்காக யாரிடம் போய் நிற்பது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பாலிட்டோவை ஒட்டிய கடற்கரைப் பகுதிகளில் தண்ணீரையும் கழிவுநீரையும் நடத்துவது மாவட்டம் அல்ல, சீசா வாட்டர் என்ற தனியார் நிறுவனம். 1999-இல் தொடங்கிய 30 ஆண்டு ஒப்பந்தத்தின்படி அது வேலை செய்கிறது. ஒரே நகராட்சி, ஒரே அஞ்சல் குறியீடு என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்குத் தெரு மாறும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் உண்டு. ஆகவே 'பாலிட்டோ பக்கம்' என்ற பேச்சை ஏற்க வேண்டாம். விற்பவரின் கடைசித் தண்ணீர் பில்லைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதன் தலைப்பில் சீசாவின் பெயர் இருந்தால் 1999-இல் தொடங்கிய 30 ஆண்டு 2029-இல் முடிகிறது. அதற்குப் பிறகு யார் நடத்துவார்கள், கட்டண முறை என்னாகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இலெம்பேயின் பெயர் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரிடம் மாதத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். தரகரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

மெட்ரோ என்றால் தண்ணீர் உறுதி என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் தாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு டேங்கர் லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ரேட்ஸ் குறைவு என்ற பேச்சைக் காகிதத்தில் சரிபார்க்கலாம். ஒவ்வொரு நகராட்சியும் ஒரு ராண்ட் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. உதாரணத்துக்கு, நகராட்சியின் சொத்து மதிப்பேட்டில் 12 லட்சம் ராண்ட் என்று இருக்கும் வீட்டுக்கு ராண்டுக்கு 1 சென்ட் என்றால் ஆண்டுக்கு 12,000, மாதத்துக்கு 1,000 ராண்ட். சென்ட் குறைவாக இருந்தும் வீட்டை அதிகமாக மதிப்பிட்டிருந்தால் லாபம் ஏதுமில்லை. வேலி போட்ட குடியிருப்பு என்றால் அதன் மாதச் சந்தா தனி.

தரகர்கள் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். 2022 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, செல்லுபடியாகும் காப்பு நிதிச் சான்றிதழ் (Fidelity Fund Certificate, தரகுத் தொழில் செய்வதற்கான சான்று) இல்லாத தரகருக்குக் கமிஷன் கேட்கும் உரிமையே இல்லை. கோயிலில் பழக்கமானவர், மாமாவுக்குத் தெரிந்தவர் என்று இதைக் கேட்காமல் விடுவதால்தான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடவே கூடாது. பெயர் மாற்றம் செய்யும் வழக்கறிஞர், கட்சிக்காரர் பணத்தைத் தனியே பாதுகாக்க வைத்திருக்கும் கணக்கில்தான் (trust account) போட வேண்டும். வீட்டின் குறைகளை விற்பவர் எழுத்தில் தெரிவிக்கும் படிவம் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொரு பொறி பழைய பாக்கி. கடைசி 2 ஆண்டு நிலுவை தீர்ந்ததாக நகராட்சி சான்று தராமல் சொத்தைப் பெயர் மாற்ற முடியாது. அங்கே இரண்டு நிர்வாகங்கள் இருப்பதால், தண்ணீர் பாக்கிக்கும் சான்று வாங்கப்பட்டதா என்று வழக்கறிஞரைத் தனியாகக் கேளுங்கள். அதற்கும் முந்தைய பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் வசூலிக்க முடியாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துவிட்டது. அப்படியும் கணக்குத் திறக்கும்போது கவுண்டரில் கேட்டால், பணம் கட்டிவிடாமல், கேட்பதை எழுத்தில் தரச் சொல்லி அந்தக் கடிதத்தை வழக்கறிஞரிடம் கொடுங்கள்.