ஸ்க்ரப் டைபஸ் மூளையையும் நரம்பையும் தாக்கும்போது: நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (பயிற்சி மருத்துவர்): எட்டு நாள் காய்ச்சலுக்குப் பின் தலைவலியும் மனக்குழப்பமும் கண்ட நோயாளியிடம் ஸ்க்ரப் டைபஸை, அதாவது மைட் பூச்சி கடித்துப் பரவும் பாக்டீரியாக் காய்ச்சலை, எப்போது சந்தேகிப்பது?

பதில்: இரண்டாம் வாரத்தில் மூளை அறிகுறிகள் தலைகாட்ட, கூடவே தட்டணுக்கள் குறைந்து கல்லீரல் நொதிகளும் ஏறியிருந்தால் உடனே சந்தேகியுங்கள். ஸ்கேனுக்கு அனுப்பும் அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது உடல் பரிசோதனையைத்தான். நல்ல வெளிச்சத்தில் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிமடிப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத மைட் பூச்சியின் இளம்பருவம் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் இருக்கும். பெரும்பாலும் வலிக்காது என்பதால் நோயாளியே அதை அறிந்திருக்கமாட்டார். ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து, மேலோட்டமான புண் மட்டுமே எஞ்சியிருக்கலாம். இந்தக் கடித்தடம் கிடைக்கவில்லை என்பதற்காக நோயை ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி (பொது மருத்துவர்): தண்டுவட நீரில் லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தால் காசநோய் மூளைக்காய்ச்சல் என்றே கொள்ளலாமா?

பதில்: கூடாது. இரண்டிலும் லிம்போசைட்டும் புரதமும் உயரும். காசநோய்க்குத் துப்பாகப் பார்க்கும் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதிகூட இரண்டிலும் ஏறக்கூடும். ஆனால் காசநோயில் குளுக்கோஸ் பொதுவாக நன்றாகவே சரியும், நோயும் வாரக்கணக்கில் மெல்ல முற்றும். ஸ்க்ரப் டைபஸில் குளுக்கோஸ் பெரும்பாலும் இயல்பாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும். என் அனுபவத்தில், காய்ச்சலின் நாட்களைத் துல்லியமாகக் கேட்டு எழுதுவதே பாதி நோயறிதல்.

கேள்வி (ஆய்வக நுட்பநர்): நான்காம் நாளில் ஐஜிஎம் எலைசா (ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) நெகட்டிவ். போதுமா?

பதில்: போதாது. எதிர்ப்பொருள் தென்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மீண்டும் சோதியுங்கள். பொருக்கு இருந்தால் அதிலிருந்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யலாம். பழைய வீல்-ஃபீலிக்ஸ் ரத்தச் சோதனை நோயுள்ள பலரைத் தவறவிடும். முடிவு வரும்வரை, இந்நோய்க்கான ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளினைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா செல்லுக்குள் வாழும் கிருமி, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் அதற்கு உதவாது.

கேள்வி (முதுகலை மாணவர்): அரிய சிக்கல்களை எப்படி இனங்காண்பது?

பதில்: வெளிப்புறம் திரும்பாத கண் ஆறாவது மூளை நரம்பின் வாதத்தைக் காட்டும், காய்ச்சலோடு வரும் செவித்திறன் இழப்பும் ஒரு துப்பு. எத்திசையிலும் கட்டுக்கடங்காமல் துள்ளும் கண்களை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை; அது ஆப்சோக்ளோனஸ், பெரும்பாலும் தடுப்பாற்றலின் எதிர்வினை. காய்ச்சல் தணிந்தபின் கால்களில் தொடங்கி மேலேறும் பலவீனமும் அனிச்சைச் செயல் இழப்பும் கண்டால் கில்லன்-பாரேயை (தடுப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய்) நினைத்து நரம்புக் கடத்தல் சோதனை செய்யுங்கள். மூச்சுத்திறனையும் அடிக்கடி அளந்துகொண்டிருங்கள்.