ஒரு வீடியோவுக்கு ஒரு சிக்கல் போதும், ரீச்சர்

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 8, 9 விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கையில் இருப்பது ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான். கரும்பலகைக்கு முன்னால் நின்று மின்சுற்றுப் பாடத்தை 25 நிமிட வீடியோவாக எடுத்து, யூடியூபில் ஏற்றி, இணைப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் விசாரித்தால் நாலைந்து பிள்ளைகள்தான் முழுதாகப் பார்த்திருக்கிறார்கள். பல வீடுகளில் டேட்டா இல்லை. பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும்படி, எனக்கும் அதிக வேலையில்லாமல், எப்படிச் செய்யலாம்?

பதில்: ரீச்சர், இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் போனும் தாராளமாகப் போதும். வகுப்பில் 40 நிமிடம் நடத்துவதை அப்படியே போனுக்குள் கொண்டுபோக நினைத்ததுதான் இடறியிருக்கிறது. வகுப்பில் நீங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். யாராவது முழித்தால் உடனே திரும்பச் சொல்கிறீர்கள். வீடியோவில் அது நடக்காது. அதனால் பாடம் முழுவதையும் வீடியோவாக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வருடா வருடம் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஒரு வீடியோ எடுங்கள்.

நீளம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் சுமார் 69 இலட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பார்த்தது பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. அவர்கள் பல்கலைக்கழகப் பாடங்களைத் தாங்களே விரும்பித் தேடி வந்தவர்கள். தரம் 8 பிள்ளையிடம் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க முடியாது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: திரையில் தயாராக நிற்கும் எழுத்துகளைவிட, ஒரு கை எழுதிக்கொண்டே போவதைத்தான் ஆட்கள் அதிக நேரம் பார்த்தார்கள். ஆகவே உங்கள் முகமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கையும் குரலும் போதும்.

மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால், முதல் குமிழ் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் 'தின்றுவிட்டு' மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு விடும் என்று பிள்ளைகளில் பலர் நம்புகிறார்கள். வீடியோவை இந்தப் பிழையிலேயே தொடங்குங்கள். "இஞ்ச பாருங்க புள்ளையள், ரெண்டு குமிழ் இருக்கு. சுவிச்சப் போட்டா எது கூட வெளிச்சமா எரியும்? வீடியோவ நிப்பாட்டிப் போட்டு கொப்பியில எழுதுங்க" என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். அதற்குப் பிறகு சுவிச்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்ஈடி வேண்டாம், உள்ளே இழை உள்ள ரோச் குமிழ்களே வேண்டும். ஒரே வகையில் இரண்டு வாங்கினாலும் சில வேளை ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியும். அப்படி நடந்தால் அந்தக் காட்சியை வெட்ட வேண்டாம். கமெராவுக்கு முன்னாலேயே இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். மங்கலான குமிழ் எங்கே போனாலும் மங்கலாகவே எரியும். அப்போது வித்தியாசம் வரிசையால் வந்ததல்ல, குமிழால் வந்தது என்பது பிள்ளைக்கு விளங்கும். ஒரு நிமிடக் காட்சியில் விஞ்ஞானம் எப்படி யோசிக்கும் என்பதையும் காட்டிவிட்டீர்கள்.

பிழையான விளக்கத்தை முதலில் காட்டினால் அதுவே மனதில் பதிந்துவிடாதா என்று பல ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் தன் கலாநிதிப் பட்டத்துக்காக இதைத்தான் ஆராய்ந்தார். சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொன்ன வீடியோவைப் பார்த்த மாணவர்கள் 'நன்றாக விளங்கியது' என்றார்கள். ஆனால் சோதனையில் பெரிய முன்னேற்றம் இல்லை. பிழையான எண்ணத்தையும் எடுத்துப் பேசிய வீடியோ குழப்பமாக இருந்தது என்றவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். அதனால் துணிந்து செய்யுங்கள்.

வீடியோ உண்மையிலேயே கைகொடுப்பது வகுப்புக்குள் கொண்டுவர முடியாத விஷயத்துக்கு. வாவிக் கரையில் கண்டல் மரத்தடியில் சேற்றுக்குள்ளிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களை எத்தனை பிள்ளைகள் குனிந்து பார்த்திருப்பார்கள்? தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போய், ஒரு வேரைக் கிட்டத்தில் இரண்டு நிமிடம் எடுத்து வந்தால் அது படத்தைவிட எவ்வளவோ மேல். வெறும் வரைவிலக்கணத்தை வாசித்துக் காட்ட வீடியோ தேவையில்லை. அதற்குப் பாடநூல் இருக்கிறது.

இனி எடுக்கும் முறை. ஜன்னலோரமாக மேசையைப் போட்டு, ஒரு பக்கம் புத்தகங்களை ஒரு முழ உயரத்துக்கு அடுக்குங்கள். கமெரா மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கீழே பார்க்கும்படி போனை அதன் மேல் வைத்து, இன்னொரு கனமான புத்தகத்தால் அமர்த்துங்கள். வலக்கையால் எழுதுகிறவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிற இடத்திலேயே கையின் நிழல் விழும். திரையில் தெரியும் எல்லைக்கு மேசையில் நான்கு துண்டு ரேப் ஒட்டிக்கொண்டால் கை வெளியே போகாது. பென்சில் வேண்டாம், தடித்த கறுப்பு மார்க்கர் எடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பிள்ளை பார்க்கப்போவது உள்ளங்கை அளவு திரையில்.

பலரைக் கடுப்பேற்றும் விஷயம் ஒன்று: போன் கீழ்நோக்கிப் பார்க்கும்போது எந்தப் பக்கம் மேல் என்று அதற்குத் தெரியாமல் வீடியோ பக்கவாட்டில் திரும்பிப் பதிவாகிவிடும். முதலில் போனைக் கையில் கிடையாக நிமிர்த்திப் பிடித்துப் பதிவைத் தொடங்குங்கள். அப்புறம் அடுக்கின் மேல் வையுங்கள். வைத்த பிறகு திரையில் கடதாசி தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். பிளைட் மோடில் போடவும் மறக்க வேண்டாம்.

படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் தெளிவில்லாவிட்டால் மூடிவிடுவார்கள். வயருள்ள சாதாரண இயர்போனை மாட்டி, அதன் மைக்கை கழுத்துப் பட்டியில் குத்திக்கொள்ளுங்கள். சில போன்களின் கமெரா அந்த மைக்கை எடுக்காது, முதலில் ஒரு தடவை பதிந்து பாருங்கள். வெக்கையாக இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் மின்விசிறியை நிறுத்துங்கள். உடுப்பும் மெத்தையும் உள்ள படுக்கையறையில் எதிரொலி குறைவு. பின்னணி இசை வேண்டவே வேண்டாம். அது கவனத்தைப் பங்குபோடும். வகுப்பில் பேசுகிற உங்கள் மட்டக்களப்புத் தமிழிலேயே பேசுங்கள். செய்தி வாசிப்பது போன்ற நடையைவிட நேரே பேசும் நடையில் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் வந்த முடிவு. தடுமாறினால் அந்த வசனத்தை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டு, பிறகு கப்கட் போன்ற ஒரு செயலியில் பிழையை வெட்டிவிடலாம். எழுத்துப் பறக்கும் அலங்காரங்களுக்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

டேட்டா பிரச்சினைதான் எனக்கு அதிகம் கவலை தருவது. படுவான்கரையில் பல வீடுகளில் ஒரே ஒரு போன். அதுவும் அப்பாவோடு வயலுக்கோ வேலைக்கோ போய்விட்டு இரவில்தான் வீடு வரும். போனின் 1080பி தரத்தில் ஒரு நிமிடம் 100 எம்பியையும் தாண்டலாம். 480பி தரத்தில், விநாடிக்கு 1 மெகாபிட் அளவில் சுருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7.5 எம்பி; ஐந்து நிமிடமும் 40 எம்பிக்குள் முடிந்துவிடும். சுருக்கியதை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள், எழுத்துகள் மேலும் மங்காது. டேட்டாவே இல்லாத பிள்ளைகளுக்கு குயிக் ஷெயர் அல்லது புளூடூத் வழியாகப் போனிலிருந்து போனுக்குக் கொடுக்கலாம். பெற்றோர் பாடசாலைக்கு வரும் நாளில் அவர்கள் போனில் ஏற்றிவிடலாம்.

அப்படியும் சிலருக்குக் கிடைக்காது. அந்தப் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது, அதனால் வீடியோவைப் பார்த்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுவேலை கொடுக்காதீர்கள். அடுத்த பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். புரொஜெக்டர் இல்லாவிட்டால் உங்கள் போனையே ஆறேழு பேர் கொண்ட குழுக்களுக்குச் சுற்றில் விடலாம். மற்றவர்கள் அதுவரை கொப்பியில் தங்கள் ஊகத்தை எழுதட்டும். ஏற்கெனவே பார்த்தவர்களும் இன்னொரு தரம் பார்ப்பதால் நட்டமில்லை. 'நான் நினைத்தது என்ன, நடந்தது என்ன' என்று கொப்பியில் எழுதிய இரண்டு வரியையே அன்றைய பாடத்தின் தொடக்கமாக வையுங்கள். வீடியோ பார்க்கப்பட்டதா என்று தனியாக விசாரிக்கத் தேவையே வராது.

பிள்ளைகளையும் இதில் சேர்க்கலாம். குமிழைப் பிடிக்கும் கை ஒரு மாணவியின் கையாக இருந்தால் வகுப்பு முழுக்க ஆவலாகப் பார்க்கும். ஆனால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் முகத்தைக் காட்ட வேண்டாம். யூடியூபில் ஏற்றுவதானால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் விதமாக வையுங்கள்.

இன்னுமொன்று, மாரி தொடங்கிவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே குரல் பதிவு செய்யவே முடியாது. இந்தத் தவணைக்குத் தேவையான நாலைந்தையும் புரட்டாதிக்குள் எடுத்து, 'தரம் 8, தொடர் சுற்று' என்பதுபோலப் பெயரிட்டு ஒரு மெமரி கார்டிலும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.