மாதா மாதம் எடை பார்ப்பதை விட்டுவிட்டு பள்ளி வேறு என்ன செய்யலாம்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கொஞ்ச வருடமாகவே ஒவ்வொரு வகுப்பிலும் உடம்பு கூடிய பிள்ளைகள் அதிகமாகத் தெரிகிறார்கள். மாதம் ஒருமுறை எல்லாரையும் எடை பார்த்து டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பலாம், எடை கூடினவர்களைக் காலையில் தனியாக ஓட விடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. பெரிய செலவு செய்ய வழி இல்லை. உண்மையில் எது பலன் தரும்? நான்காம் வகுப்பில் ஒரு பையன் பி.டி. பீரியட் உள்ள நாளில் மட்டும் லீவு போடுகிறான், அவனை என்ன செய்வது?

பதில்:

டீச்சர், முதலில் அந்த இரண்டு திட்டத்தையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஒரு குழந்தை மருத்துவராக இதை அழுத்தியே சொல்கிறேன். எடையை டைரியில் எழுதி அனுப்பினால் வீட்டில் சோறு குறையாது, பிள்ளைக்குத் திட்டுதான் கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பி.எம்.ஐ. கணக்கை, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்ணை, பெற்றோருக்கு எழுதி அனுப்பியதால் எடையில் எந்த முன்னேற்றமும் வரவில்லை, பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறைதான் அதிகமானது. காலையில் தனியாக ஓட விடுவது இன்னும் மோசம். எல்லாரும் பார்க்க, குண்டான பிள்ளைகளை மட்டும் தண்டனை மாதிரி ஓடவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் என்றாலே ஆயுசுக்கும் வெறுப்புதான் மிஞ்சும். லேட்டாக வந்தவனை 'கிரவுண்டை மூணு சுத்து சுத்து' என்று அனுப்பும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதையும் இதோடு விட்டுவிடுங்கள்.

எடை கூடின பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க எடுத்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் வயதுக்கு மெலிந்தவர்கள், 4 சதவீதம் பேர் எடை கூடினவர்கள். உங்களைப் போன்ற கட்டணப் பள்ளிகளில் இரண்டாவது கணக்கு கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரே பெஞ்சில் இரண்டு வகைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். மெலிந்தவனுக்கும் குண்டானவனுக்கும் ஒரே மாதிரி நல்லது செய்கிற காரியங்கள் இருக்கின்றன, பள்ளி அதைப் பிடித்துக்கொண்டால் போதும். யாரையும் பட்டினி போட வேண்டாம், யாரையும் தனியாக நிறுத்தவும் வேண்டாம்.

முதல் காரியம் தண்ணீர். இதை ரொம்பச் சின்ன விஷயமாக நினைப்பார்கள், ஆனால் எனக்குத் தெரிந்து குறைந்த செலவில் நல்ல ஆதாரம் உள்ள விஷயம் இதுதான். ஜெர்மனியில் டோர்ட்மண்ட், எஸ்ஸன் என்ற இரண்டு நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, அதில் ஒரு பகுதியில் குடிநீர்க் குழாய் வைத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, தண்ணீரைப் பற்றி நாலு பாடம் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டு முடிந்தபோது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடை கூடும் அபாயம் மற்ற பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. 2009ல் வெளியான ஆய்வு. நம் பக்கத்தில் கேரளப் பள்ளிகளில் 2019லேயே தண்ணீர் குடிக்க என்று தனி மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பாறசாலையில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது. கொண்டு வந்த பாட்டிலை அப்படியே மூடி திறக்காமல் வீட்டுக்குக் கொண்டு போகிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருநாள் சாயங்காலம் வேன் ஏறும் இடத்தில் நின்று பாருங்கள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, அதனால் குடிப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் நாலு மணிக்குத் தொண்டை வறண்டு போய் கேட் முன்னால் இருக்கிற கடையில் கலர் வாங்கிக் குடிக்கிறார்கள். ஆகவே நிர்வாகத்திடம் காசு கேட்பதாக இருந்தால் ட்ரெட்மில்லுக்கோ எடை மெஷினுக்கோ கேட்காதீர்கள், கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கும் ஒரு நல்ல தண்ணீர் ஃபில்டருக்கும் கேளுங்கள்.

அந்தக் கடை விஷயத்துக்கு வருவோம். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ ஹாஸ்டல் சமையலறையிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. 2020ல் அறிவித்து 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி இது. மேலே புகார் போட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவார், ஒரு வாரம் கடையில் பாக்கெட் தொங்காது, அப்புறம் மறுபடி தொங்கும். கடைக்காரருக்கும் பிழைப்பு இருக்கிறதே. பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து இரண்டு பேர் போய் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பாக்கெட்டுக்குப் பதில் மட்டிப்பழம், அவித்த ஏத்தன்பழம், கடலை, சுண்டல், மோர் வைத்தால் நாங்களே பிள்ளைகளிடம் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நம் ஊரில் வாழைக்குலைக்குப் பஞ்சமா? உள்ளே இருக்கும் கேன்டீன் பள்ளிக்கு வாடகை கட்டுகிற கேன்டீன் என்றால் அங்கேதான் நிஜமான சண்டை இருக்கிறது. உள்ளே பஃப்ஸும் எண்ணெயில் மிதந்த பழம்பொரியும் விற்றுக்கொண்டு வெளியே கடைக்காரரைத் திருத்தப் போனால் அவர் கேட்கமாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை.

அரசு வரி போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். 2016ல் கேரள அரசு பர்கர், பீட்சா வகைக்கு 14.5 சதவீதம் வரி போட்டது, அடுத்த வருடமே ஜி.எஸ்.டி. வந்து அது போய்விட்டது. இருந்தவரைக்கும் பெரிய பிராண்டு உணவகங்களுக்கு மட்டும்தான் அந்த வரி, பள்ளி வாசலில் தொங்குகிற சிப்ஸ் சரத்தை அது தொட்டதே இல்லை. அதனால் வாசலை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையைப் பற்றிப் பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடும், கண்ணால் பார்த்தால் மறக்காது. 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை, அதாவது டீஸ்பூனில் எட்டு. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணாடி டம்ளரில் எட்டு ஸ்பூன் சர்க்கரையைப் போடச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றிக் கலக்குவதற்கு முன்னால் அடியில் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்கட்டும். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஐந்து சதவீதம் என்பது ஆறு ஸ்பூன் அளவுதான், வீட்டில் குடிக்கிற டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் சேர்த்து. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நீங்கள் மெட்ரிக் ஆனாலும் ஒரு சார்ட் பேப்பரில் எழுதி ஒட்ட யார் தடுக்கப் போகிறார்கள்? ஒட்டிவிட்டு அதன் கீழேயே நின்று பிறந்தநாள் சாக்லேட் கொடுக்காதீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மாதத்துக்கு மூன்று நாலு பிறந்தநாள் வரும். சாக்லேட்டுக்குப் பதில் வகுப்பு அலமாரிக்கு ஒரு கதைப் புத்தகம், அதில் பிறந்தநாள் பிள்ளையின் பெயர் என்று வைத்தால் பெற்றோருக்கும் அது பெருமைதான்.

மதியச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து அரசுப் பள்ளியில் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கொடுக்கிறார்கள். கட்டணம் கட்டுகிற பிள்ளையின் டப்பாவில் ஆறிப்போன நூடுல்ஸ் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பழித்துப் பேச வேண்டாம், ஆறரை மணிக்கு வேன் வந்து நிற்கிற வீட்டில் தாய்மாருக்கு வேறு வழி தெரியவில்லை என்பதுதான் நிஜம். வாரத்தில் ஒரு நாளைக் கஞ்சியும் பயறும் நாள் என்று வையுங்கள், வீட்டிலும் செய்ய எளிது, எல்லார் டப்பாவிலும் ஒன்றே இருப்பதால் வெட்கமும் இல்லை.

அடுத்தது விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். டைம் டேபிளில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருக்கும், அதில் ஒன்றைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். பத்தாம் வகுப்பென்றால் இரண்டும் போய்விடும். அந்தப் பீரியடை யாருக்கும் தர மாட்டோம் என்று தலைமை ஆசிரியர் எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலும் நனைகிறது, ஐப்பசியிலும் நனைகிறது, கிரவுண்ட் சேறாகக் கிடந்தால் பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். மழை நாளுக்கென்றே வராந்தாவிலும் அசெம்பிளி ஹாலிலும் செய்ய ஏதாவது தயாராக வையுங்கள், கயிறு தாண்டுதல், பாண்டி, பாட்டுப் போட்டு ஆடுவது, எதுவானாலும் சரி. வெயில் நாளில் கிளித்தட்டு மாதிரி, அவுட் ஆனவன் ஓரமாக உட்கார வேண்டாத ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். அவுட் ஆட்டங்களில் முதலில் வெளியே போவது குண்டான பிள்ளைதான், யாருக்கு அதிகம் ஓட்டம் தேவையோ அவன்தான் மீதி அரை மணி நேரமும் உட்கார்ந்திருப்பான். ஏழாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பந்தே கிடைப்பதில்லை, அவர்களுக்கென்று ஒரு த்ரோபால் வாங்கிக் கொடுங்கள்.

தூக்கத்தைப் பள்ளியில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதிலும் இனிப்பு மேல்தான் ஆசை போகும். டியூஷன் முடிந்து எட்டரைக்கு வருகிற பிள்ளைக்கு நாலு பக்க ஹோம்வொர்க் கொடுத்தால் எப்போது தூங்கும்?

எடையே பார்க்க வேண்டாமா? வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள், உயரத்தோடு சேர்த்து, ஒரு திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக, எண்ணை உரக்கச் சொல்லாமல். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் வயதையும் ஆண் பெண்ணையும் பொறுத்துக் குறித்துப் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. அளவைப் பிள்ளைக்குப் போடவே கூடாது. கவலைப்பட வேண்டிய பிள்ளையின் பெற்றோரை மட்டும் தனியாக அழைத்துப் பேசுங்கள். வளர்கிற பிள்ளையில் பலருக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை, எடை அப்படியே நின்றால் போதும், உயரம் ஏறும்போது சரியாகிவிடும். ஆனால் கழுத்தின் பின்பக்கம் கறுத்து வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகாது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். தூக்கத்தில் பலத்த குறட்டை, முழங்கால் அல்லது இடுப்பு வலி, அடிக்கடி தாகமும் சிறுநீரும், இவையும் அப்படித்தான். எடை ஏறிக்கொண்டே உயரம் மட்டும் நின்றுபோனால் தைராய்டு போன்ற ஹார்மோன் காரணங்களைப் பார்க்க வேண்டும்.

இனி அந்த நான்காம் வகுப்புப் பையன். அவனை பி.டி. சாரிடம் கூட்டிப் போய் நிறுத்த வேண்டாம். இன்டர்வலில் தனியாகக் கூப்பிட்டு, 'பி.டி. பீரியடில் உனக்கு எது பிடிக்கலை, மக்களே?' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஓட்டம் அவன் பிரச்சினையாக இருக்காது, டீம் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது, எல்லார் முன்னாலும் சட்டை மாற்றுவது, யாரோ ஒருவன் வைத்த பட்டப்பெயர், இதில் ஏதோ ஒன்றாக இருக்கும். அதைச் சரிசெய்யுங்கள்: டீமை பி.டி. சாரே பிரிக்கட்டும், உடை மாற்றும் வேலையே வேண்டாம் என்று அன்றைக்கு வீட்டிலிருந்தே ட்ராக் பேன்ட்டில் வரச் சொல்லுங்கள், பட்டப்பெயர் சொன்னவனின் வீட்டில் பேசுங்கள். வடம் இழுப்பு, குண்டு எறிதல் மாதிரி உடம்பில் கனம் இருந்தால் கைகொடுக்கிற விளையாட்டை அந்த வாரம் வைக்கச் சொல்லுங்கள், ஆனால் அது அவனுக்காக வைத்தது என்று யாரும் வாய் திறக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்தும் லீவு தொடர்ந்தால், அல்லது ஓடும்போது மூச்சுத் திணறுகிறது, கால் வலிக்கிறது என்று அவன் சொன்னால், அம்மாவோடு என்னிடமோ அருகில் உள்ள குழந்தை மருத்துவரிடமோ ஒருமுறை வரட்டும்.