வீட்டோடு வந்த ஸ்பீக்கர்கள்: எதையும் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

டெக்ஸாஸ் மாநிலம் பிளேனோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2004-இல் கட்டிய வீடு ஒன்றைச் சமீபத்தில் வாங்கினார்களாம். ஐந்து அறைகளிலும் பின்புறத் திண்ணையிலும் சீலிங்கில் இரண்டிரண்டு வட்ட ஸ்பீக்கர்கள், ஒவ்வோர் இடத்திலும் சுவரில் ஒரு வால்யூம் குமிழ். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஆறு பட்டன் வைத்த ஒரு கறுப்புப் பெட்டியும், அதன் பின்னால் ஒரு பெரிய வயர்க் கத்தையும் இருக்கின்றன. பழைய உரிமையாளர் ரிசீவரை, அதாவது ஸ்பீக்கர்களைப் பாட வைக்கும் பெட்டியை, எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. பார்க்க வந்த ஒருவர், "எல்லாம் பழசு, கழற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்று பல ஆயிரம் டாலர் கணக்குச் சொல்லியிருக்கிறார். வாசகியின் கேள்வி: "இதை உயிர்ப்பிக்க முடியுமா? ஊரிலிருந்து வரப்போகும் அம்மாவுக்குக் காலையில் வீடு முழுக்க நாதஸ்வரம் கேட்க ஆசை."

முடியும். பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டி வாங்கினால் போதும். இந்த மாதிரி அமைப்பில் விலை உயர்ந்த பொருள் அலமாரியில் இருப்பது அல்ல, சுவருக்குள் ஓடும் கேபிள்தான். கட்டும்போது இழுத்த கேபிளை, கட்டி முடித்த வீட்டில் மறுபடி இழுக்க ஜிப்சம் பலகையை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். செம்பு வயர் 20 வருடத்தில் கெட்டுப்போவதில்லை. ஆகவே யார் வந்து எதை வெட்டச் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம், கைபேசி போதும். அந்தக் கறுப்புப் பெட்டியின் பின்பக்கத்தை, ஒவ்வொரு வயரும் எந்தத் துளையில் போகிறது என்று தெரியும்படி, கிட்டத்தில் பல படங்கள் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கேபிளிலும் ஒரு டேப் ஒட்டி எண் போடுங்கள். இதைச் செய்யாமல் வயர்களை உருவிவிட்டு, எது சமையலறை, எது படுக்கையறை என்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

அந்தப் பெட்டி ஒலிக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) அல்ல, செலக்டர். ரிசீவரிலிருந்து வரும் ஒரு ஜோடி இணைப்பை ஆறாகப் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. மின்சாரச் செருகு இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம், இவற்றில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை.

கேபிளைப் பாருங்கள். உறைமேல் 16/4 அல்லது 14/4 என்று அச்சிட்டிருந்தால் உள்ளே நான்கு தனித்தனி வயர்கள், அதாவது ஒரே கேபிளில் இடம், வலம் இரண்டும். பெரும்பாலோர் சிவப்பு, கறுப்பை ஒரு ஸ்பீக்கருக்கும் வெள்ளை, பச்சையை இன்னொன்றுக்கும் போடுவார்கள். சிவப்பும் வெள்ளையும் பிளஸ். இது வழக்கம்தான், சட்டமில்லை, அதனால் இரு முனையிலும் பார்த்து உறுதி செய்யுங்கள். கூடவே ஒல்லியாக, நீல நிறத்தில் ஒரு கேட் 5 கேபிள் (கணினி நெட்வொர்க் கேபிள்) இருந்தால் அதை ஸ்பீக்கர் இணைப்பில் சேர்க்காதீர்கள். பின்னாளில் சுவரில் கீபேட் வைக்கலாம் என்று அந்தக் காலத்தில் போட்டு வைத்தது அது. பத்திரமாக விடுங்கள், வைஃபைப் பெட்டி ஒன்றை மாட்ட உதவலாம்.

இனி சோதனை. முதலில் எல்லா அறைகளிலும் குமிழை முழுக்க வலப்பக்கம் திருகி வையுங்கள். "இந்த அறை வேலை செய்யவில்லை" என்று என்னை அழைத்தவர்களில் பலர் வீட்டில் குமிழ் பூஜ்யத்தில்தான் இருந்தது. அப்புறம் வீட்டில் கிடக்கும் ஏதாவது சின்ன ஆம்ப் ஒன்றை எடுத்து, செலக்டரை விட்டுவிட்டு, ஒரே ஒரு அறையின் வயரை மட்டும் நேரடியாக இணையுங்கள். ஒலியைக் கீழேயே வைத்து, அறை அறையாகச் சென்று கேளுங்கள். எந்த எண் எந்த அறை, இரண்டு ஸ்பீக்கரும் பாடுகின்றனவா, கரகரக்கிறதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். குளியலறையில் ஒரே ஸ்பீக்கருக்கு நான்கு வயர் போனால் திகைக்க வேண்டாம், இடம் வலம் இரண்டையும் ஒன்றாகப் பாடும்படி செய்த வகை அது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக அளந்தால் மீட்டர் சுமார் 6 காட்டும், அது சரிதான். ஆனால் அலமாரியிலிருந்து அளந்தால் நடுவில் சுவர்க்குமிழ் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் மீட்டர் ஒரு ஓமுக்கும் குறைவாகக்கூடக் காட்டும். "எல்லா அறையிலும் ஷார்ட்" என்று முடிவு கட்டி ஸ்பீக்கர்களைத் தூக்கி எறிவது இதனால்தான். குமிழைச் சுவரிலிருந்து வெளியே இழுத்து, ஸ்பீக்கருக்குப் போகும் பக்கத்து வயர்களைக் கழற்றி அளந்தால்தான் உண்மை தெரியும். அதே பலகையில் விளக்கு ஸ்விட்ச்சும் இருந்தால் முதலில் பிரேக்கரை அணைத்துவிடுங்கள்; அங்கே 120 வோல்ட் இருக்கிறது.

குமிழை வெளியே எடுக்கும்போது அதன் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் கடிதத்துக்கான பதிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஓம் என்பது ஸ்பீக்கர் ஆம்ப்புக்குக் கொடுக்கும் தடை. தடை குறையக் குறைய ஆம்ப் அதிக மின்னோட்டம் தள்ள வேண்டியிருக்கும். ஒரு மோட்டாரில் ஒரு குழாயைத் திறந்தால் அழுத்தம் தாங்கும், ஆறைத் திறந்தால் மோட்டார் திணறும் அல்லவா, அதே கதை. இடப்பக்கத்துக்கு இடத்துக்கொன்றாக 8 ஓம் ஸ்பீக்கர்கள் ஆறை இணையாகப் போட்டால் (வலப்பக்கமும் அப்படியே), 8-ஐ 6-ஆல் வகுக்க, 1.3 ஓம்தான் வரும். சாதாரண ரிசீவர்கள் 6 அல்லது 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சூடாகி அணைந்துவிடும், இல்லையென்றால் எரிந்தே போகும்.

இதற்காகத்தான் அந்தக் குமிழ்களில் பலவற்றின் பின்னால் 1, 2, 4, 8 என்று எண்ணிட்ட ஒரு சிறிய ஜம்பர், அதாவது இடம் மாற்றி வைக்கும் இணைப்பு, இருக்கும். 8-இல் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆம்ப்பின் கண்ணுக்கு 64 ஓமாகத் தெரியும். ஆறு அறை சேர்ந்தாலும் 10 ஓமுக்கு மேல், எந்த ரிசீவரும் தாங்கும். 4-இல் வைத்தால் ஒவ்வொன்றும் 32, ஆறும் சேர்ந்து 5.3 ஓம், இது 4 ஓம் தாங்கும் ஆம்ப்புக்குப் போதும். எண் கூடக் கூட ஒவ்வோர் அறைக்கும் போகும் சக்தி குறையும், ஆனால் கவலை வேண்டாம். 100 வாட் ஆம்ப்பில் 8-இல் வைத்தாலும் அறைக்குப் பன்னிரண்டு வாட் வரை கிடைக்கும். பேசிக்கொண்டே பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட்டே போதும்.

இரண்டு விஷயம் முக்கியம். எல்லாக் குமிழிலும் ஜம்பர் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 1-இல் இருந்தால் அந்த அறை மட்டும் அலறும், ஆம்ப்புக்கும் ஆபத்து. அடுத்தது, செலக்டர் பெட்டியில் 'புரொடெக்‌ஷன்' என்று ஒரு பட்டன் இருந்தால், குமிழ்களில் ஜம்பர் சரியாக வைத்தபின் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒலி சாரமில்லாமல் போகும். ஜம்பரே இல்லாத குமிழ் என்றால் அந்தப் பட்டன்தான் உங்கள் ஒரே காவல், அதை அணைக்கவே கூடாது.

ஏதாவது ஸ்பீக்கர் கரகரத்தால் கிரில்லைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையம் என்றால் இத்தனை வருடத்தில் நமுத்த அப்பளம் மாதிரி உதிர்ந்திருக்கலாம். ரப்பர் வளையம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மாற்ற வேண்டியிருந்தால் சீலிங்கில் உள்ள துளையின் விட்டத்தை அளந்து, அதே அளவுள்ளதை வாங்குங்கள். விளிம்பில் உள்ள திருகுகளைத் தளர்த்தினால் உள்ளே பிடித்திருக்கும் காதுகள் திரும்பிவிடும், ஸ்பீக்கர் கையோடு வரும். திண்ணை ஸ்பீக்கர்களில் முனைகள் பச்சையாகத் துரு ஏறியிருந்தால் வயரை அரை அங்குலம் வெட்டி, புது முனை சீவி மாட்டினாலே பல நேரம் பாடிவிடும்.

சரி, என்ன வாங்குவது? வீடு முழுக்க ஒரே பாட்டுப் போதும் என்றால் வைஃபையில் பாடும் ஓர் ஆம்ப் வாங்கி, செலக்டரின் வாயில் இணைத்துவிடுங்கள். வீம் ஆம்ப் 8 ஓமில் பக்கத்துக்கு 60 வாட், 4 ஓமும் தாங்கும். சோனோஸ் ஆம்ப் 125 வாட், விலை அதிகம். உங்கள் வீட்டுக்கு நான் முதலாவதையே சொல்வேன். ஏற்கெனவே நல்ல ரிசீவர் கையில் இருந்தால் ஆம்ப்கூட வேண்டாம், அதன் பின்னால் மாட்டும் வைஃபை ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் சின்னப் பெட்டி) ஒன்று போதும். புளூடூத் கருவியைத் தவிர்த்துவிடுங்கள். படிக்கு அடியில், மூடிய அலமாரிக்குள் அது அடிக்கடி அறுந்துபோகும், கைபேசிக்கு அழைப்பு வந்தால் அந்த மணியும் ஆறு அறையிலும் ஒலிக்கும்.

பையன் அறையில் ஒன்று, சமையலறையில் வேறொன்று என்று தனித்தனியாக வேண்டுமென்றால் கதை வேறு. அதற்கு ஆறு ஜோன் ஆம்ப் (ஆறு இடங்களுக்கு வெவ்வேறு பாட்டுக் கொடுப்பது) ஒன்று, அல்லது அறைக்கொரு சின்ன ஆம்ப் தேவை. அப்போது செலக்டர் வேண்டாம். குமிழ்களில் ஜம்பரை 1-க்கு மாற்றி முழு ஒலியில் விட்டுவிட வேண்டும். ஆறு மாதம் ஒரே பாட்டு முறையில் பழகிப் பார்த்துவிட்டு இதற்குச் செலவு செய்யலாமா என்று முடிவு செய்யுங்கள்.

அலமாரிக் கதவில் காற்றுப் போக வழி இருக்கட்டும், ஆம்ப்பின் தலைமேல் எதையும் அடுக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும், கூடத்துக் குமிழை முக்கால் பங்கு திருகி வைத்து, அங்கே ஒலி இதமாக இருக்கும் அளவுக்கு ஆம்ப்பின் வால்யூமை நிறுத்துங்கள். அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி ஆம்ப் மேலேயே ஒட்டிவிடுங்கள். அதற்குமேல் அம்மா எந்த ஆப்பையும் கற்க வேண்டியதில்லை. காலையில் நாதஸ்வரம் தானாகத் தொடங்க ஆப்பிலேயே அலாரம் வைக்கலாம். சமையலறையில் கூடுதலாகப் பட்டால் சுவர்க்குமிழை அவரே குறைத்துக்கொள்வார்.